சேர்வரையும் சுமக்கும் லப்டொப்: கொழும்பில் வாங்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன், மென்பொருள் எழுதுவது தொழில். மாலபேயிலும் மொறட்டுவையிலும் படிக்கிற பிள்ளைகள், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள், சில வேளை அவர்களுடைய அப்பா அம்மா என்று பலரும் ஒரே விஷயத்தைத்தான் வந்து கேட்கிறார்கள்: எந்த லப்டொப் வாங்குவது? கடிதம் எழுதவும் படம் பார்க்கவும் எது வாங்கினாலும் சரி. தரவுத்தளம், காஃப்கா (சேவைகளுக்கிடையே செய்திகளைக் கடத்தும் மென்பொருள்), நாலைந்து ஜாவா சேவைகள், ஒரு வெர்ச்சுவல் மெஷின் (லப்டொப்புக்குள் ஓடும் இன்னொரு கணினி) எல்லாம் ஒரே நேரத்தில் ஓட வேண்டியவர்களுக்குத்தான் இந்தப் பக்கம். பல இலட்சம் ரூபாய் போகிற காரியம் என்பதால் விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

எல்லோரும் ஐ7 வாங்கு என்கிறார்கள். நீங்கள் மட்டும் ஏன் ரேமைப் பற்றியே கதைக்கிறீர்கள்?

செயலி கொஞ்சம் மெதுவானது என்றால் நாலு நிமிடத்தில் முடிகிற பில்ட் (எழுதிய நிரலை ஓடும் புரொக்ராமாகக் கட்டுவது) ஐந்து நிமிடத்தில் முடியும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ரேம், அதாவது ஓடும் வேலைகளை வைத்திருக்கும் நினைவகம், போதாவிட்டால் வேலையே நின்றுவிடும். இயங்குதளம் நினைவகத்தில் இருப்பதை எஸ்எஸ்டிக்குத் தள்ளத் தொடங்கும், மவுஸ் கூட இழுபடும். லினக்ஸ் என்றால் இன்னொரு படி மேலே போய், அதிகம் தின்கிற புரொசஸைக் கொன்றுவிடும்.

இதில் பெரிய கேடு என்னவென்றால், காரணம் வெளியே தெரியாது. எங்களோடு வேலை செய்த ஒரு இன்டர்ன் தங்கச்சி, எலாஸ்டிக்சேர்ச் என்ற தேடல் மென்பொருள் ஏன் ஏறி ஏறி விழுகிறது என்று இரண்டு நாள் தேடினாள். கொன்ஃபிக் ஃபைலை எத்தனையோ தடவை மாற்றிப் பார்த்துவிட்டாள். அது ஓடிய கொன்டெய்னர் (மென்பொருளைத் தனியாக அடைத்து ஓட்டும் பெட்டி) 137 என்ற எண்ணோடு வெளியேறியிருந்தது. வெளியிலிருந்து வந்த கில் கட்டளையால் அது இறந்தது என்பதுதான் அந்த எண்ணின் பொருள். நடைமுறையில் பெரும்பாலும் நினைவகம் தீர்ந்துபோனதைத்தான் அது காட்டும். அவளிடம் இருந்தது 8 ஜிபி மெஷின். கொன்ஃபிக்கில் ஒரு பிழையும் இல்லை.

சரி, எத்தனை ஜிபி வேண்டும்?

ஊகிக்க வேண்டாம், கூட்டிப் பாருங்கள். வின்டோஸ் 11, இருபது டேப் திறந்த குரோம், டீம்ஸ் எல்லாம் சேர்ந்து 7 அல்லது 8 ஜிபி. நடுத்தர அளவு ஜாவா புரொஜெக்ட் திறந்த இன்டெலிஜே எடிட்டர் 2 முதல் 4 வரை. காஃப்கா புரோக்கர் (அதன் சேர்வர்) ஒன்று தொடக்க அமைப்பிலேயே 1 ஜிபி ஹீப் (ஜாவா தனக்கென ஒதுக்கும் நினைவகம்) கேட்கும், அதற்கு மேலும் கொஞ்சம் தின்னும். எலாஸ்டிக்சேர்ச்சை நீங்கள் கட்டுப்படுத்தாவிட்டால், தன் கண்ணில் படும் நினைவகத்தில் பாதி வரை தானே எடுத்துக்கொள்ளும். கட்டுப்படுத்தி 1 ஜிபி ஹீப் கொடுத்தாலும் மொத்தம் 2 ஜிபி ஒதுக்க வேண்டும். தரவுத்தளங்களான போஸ்ட்கிரெஸும் ரெடிஸும் சேர்ந்து 1 ஜிபி. ஆறு ஸ்பிரிங் பூட் (ஜாவா) சேவைகள் ஓடினால் 3 அல்லது 4. கூட்டினால் 18, 20 என்று வந்து நிற்கிறது.

ஆக, இப்படி வேலை செய்கிறவருக்கு 16 ஜிபி காணாது. 32தான் ஆரம்பம். எச்டிஎம்எல், பைதன், ஒரு போஸ்ட்கிரெஸ் என்ற அளவில் வேலை செய்பவருக்கு 16 தாராளம். அவரை 32க்குத் தள்ளுவது வீண் செலவு. மறுபக்கம், கொன்டெய்னர்களை நிர்வகிக்கும் ஓப்பன்ஷிஃப்ட் லோக்கல் தனக்கு மட்டுமே ஏறத்தாழ 10 ஜிபி கேட்கும். சாப் ஹானா எக்ஸ்பிரஸ் தரவுத்தளத்தை அதன் அப்ளிகேஷன்களோடு போடுவதென்றால் அதற்கே குறைந்தது 16 வேண்டும். மூன்று நாலு வின்டோஸ் சேர்வர் மெஷின்களை ஒன்றாக ஓட்டி நெட்வொர்க் பயிற்சி செய்கிறவரும் இந்த வகைதான். இவர்கள் நேரே 64க்குப் போகலாம்.

வின்டோஸில் டொக்கர் (கொன்டெய்னர்களை ஓட்டும் கருவி) பயன்படுத்துகிறவர்கள் இதையும் கவனிக்க வேண்டும். டொக்கர் ஓடுவது டபிள்யூஎஸ்எல் 2 என்ற, வின்டோஸுக்குள் இருக்கும் லினக்ஸுக்குள். அது தொடக்க அமைப்பில் மெஷினின் ரேமில் பாதியைத்தான் எடுக்கும். 16 ஜிபி வாங்கியவருக்கு எல்லாக் கொன்டெய்னர்களுக்கும் சேர்த்துக் கிடைப்பது 8தான். அந்த வரம்பைக் கொன்ஃபிக் ஃபைலில் உயர்த்தலாம், ஆனால் உயர்த்தும் ஒவ்வொரு ஜிபியும் வின்டோஸ் பக்கத்தில் குறையும்.

இப்போது ஏதோ ஒரு மெஷின் கையில் இருந்தால், வழக்கமான வேலை நாள் ஒன்றில் டாஸ்க் மனேஜரைத் திறந்து நினைவகப் பகுதியில் 'கொமிட்டட்' என்ற எண்ணைப் பாருங்கள். எல்லாப் புரொக்ராம்களும் சேர்ந்து கேட்டு வைத்திருக்கும் அளவு அது. அந்த எண்ணோடு அதில் பாதியைச் சேர்த்தால் வருவதை வாங்குங்கள். நான் இதுவரை யாருக்கும் இதற்கு மேல் சிக்கலான கணக்கு சொன்னதில்லை.

இப்போது 16 வாங்கி, பிறகு கூட்டிக்கொள்ளலாமா?

மெஷினைத் திறந்தால் ஸ்லொட் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. மெல்லிய லப்டொப்களில் பெரும்பாலும் ரேம் போர்டிலேயே சொல்டர் செய்யப்பட்டிருக்கும். சிலவற்றில் பாதி சொல்டர், பாதி ஸ்லொட். மொடல் பெயரை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம்; ஒரே பெயரில் இரண்டு விதமாகவும் வரும். உற்பத்தியாளரின் பக்கத்தில் அந்த மொடல் எண்ணுக்குரிய விவரத்தை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். 'எல்பிடிடிஆர்' என்று இருந்தால் அது அநேகமாக மாற்ற முடியாத ரேம். 'சோடிம்' என்று இருந்தால் கழற்றிப் போடலாம்.

டிடிஆர்4 ஸ்லொட் இரண்டு இருந்தால் 64 ஜிபி வரை போகலாம். டிடிஆர்5இல் 48, 64 ஜிபி துண்டுகளும் வந்துவிட்டதால், போர்டு ஏற்றுக்கொண்டால் 96 அல்லது 128 வரை. இன்டெலின் கோர் அல்ட்ரா 200 வரிசையில் எண்ணின் முடிவில் 'வி' என்று வருகிற சிப்களில் ரேம் சிப் பொதியோடே இருக்கிறது: 16 அல்லது 32, அதற்கு மேல் எந்தக் காலத்திலும் இல்லை. பெட்டரி நன்றாக நிற்கும் அழகான மெஷின்கள்தான். ஆனால் சேர்வர் வேலைக்கு 16 ஜிபி உள்ள அந்த வகையை வாங்கினால் கையைச் சுட்டுக்கொள்வீர்கள்.

விலையையும் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் 'ரேம் பிறகு மலியும், அப்போது போடு' என்பேன். 2025 இறுதியில், செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சிப்களை அள்ளத் தொடங்கியதால் உலகம் முழுக்க விலை ஏறியது. அதனால் இப்போது, வாங்கும் நாளில் 32 ஜிபி மொடலுக்கும் 16 ஜிபி மொடலுக்கும் உள்ள வித்தியாசத்தையும், தனியே ஒரு துண்டின் விலையையும் ஒப்பிட்டுவிட்டு முடிவெடுக்கச் சொல்கிறேன். 16ஐ ஒரே துண்டாகக் கேளுங்கள். மற்ற ஸ்லொட் காலியாக இருக்கும். ஒற்றைத் துண்டில் வேகம் கொஞ்சம் குறையும், ஆனால் பிறகு இன்னொன்று போடும்போது பழையதை வீச வேண்டியிருக்காது.

ஐ5ஆ, ஐ7ஆ, ரைசனா?

அந்த 5ஐயும் 7ஐயும் விட, எண்ணின் கடைசியில் வரும் எழுத்துதான் அதிகம் பேசும். இன்டெலின் ஐ7-1255யூவில் பெரிய கோர் (செயலிக்குள் தனித்தனியே வேலை செய்யும் பகுதி) இரண்டு, சின்னக் கோர் எட்டு. அதே தலைமுறை ஐ5-12500எச்சில் பெரிய கோர் நாலு, சின்னக் கோர் எட்டு. முதலாவதின் அடிப்படை மின்சக்தி 15 வொட், இரண்டாவதற்கு 45 வொட். நீண்ட கொம்பைலில் அந்த ஐ5 இந்த ஐ7ஐ எளிதாக முந்தும். ஆனாலும் 'ஐ7' ஸ்டிக்கருக்குத்தான் கூட விலை சொல்வார்கள். 'யூ' என்றால் பெட்டரிக்காகச் செய்தது, 'எச்' என்றால் வேலைக்காகச் செய்தது, 'எச்எக்ஸ்' என்றால் மேசையை விட்டு நகராதவருக்கு.

ஏஎம்டியின் ரைசனில் வேறொரு பொறி காத்திருக்கிறது. 7000 வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் வடிவமைப்பைச் சொல்கிறது. 7520யூ என்பது 2019இல் வந்த சென் 2 வடிவமைப்பு, நாலே கோர். 7530யூ சென் 3. 7840எச்எஸ் சென் 4, எட்டு முழுக் கோர், பதினாறு திரெட். மூன்றுமே கடையில் '7000 சீரீஸ், புதுசு' என்ற ஒரே வாயால் விற்கப்படும். எட்டு உண்மையான கோர் கிடைத்தால் சேர்வர் வேலைக்குப் போதும், மிச்சக் காசை ரேமில் போடுங்கள்.

முதல் பத்து நிமிடம் பறக்கிறது, பிறகு மாடு மாதிரி இழுக்கிறது. ஏன்?

சூடு. இந்தக் கேள்விக்கு நான் அதிக நேரம் கொடுப்பதற்குக் காரணம், கொழும்பில் இதை ஒருவரும் வாங்கும்போது பார்ப்பதில்லை.

இன்டெல் செயலிகள் 100 பாகை செல்சியஸ் அருகில் வந்தால் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ரைசனில் அது மொடலைப் பொறுத்து 95, 100 பாகை அளவில். இணையத்தில் நீங்கள் பார்க்கும் பரிசோதனைகள் பெரும்பாலும் 20, 22 பாகை அறையில் எடுத்தவை. எங்கள் அறைகளில் ஏசி இல்லாவிட்டால் பகலில் 30, 31 பாகை. அந்தப் பத்துப் பாகை வித்தியாசம் நேரே செயலியின் தலையில்தான் ஏறும். வெளிநாட்டுக் காணொளியில் நன்றாக ஓடிய மெல்லிய மெஷின் எங்கள் மேசையில் திணறுவது இதனால்தான்.

வாங்குமுன் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. சினிபெஞ்ச் ஆர்23 என்ற இலவசப் புரொக்ராமில் எல்லாக் கோரையும் பயன்படுத்தும் சோதனை தொடக்க அமைப்பிலேயே பத்து நிமிடம் ஓடும். கடைக்காரரிடம் தன்மையாகக் கேட்டால் ஓட்டிக் காட்டுவார்கள். ஒரே ஒரு சுற்று ஓடி வரும் மதிப்பெண்ணையும், பத்து நிமிடம் ஓடி வருவதையும் ஒப்பிடுங்கள். இரண்டாவது ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தால் அந்த உடம்புக்கு அந்தச் செயலி பொருந்தவில்லை. விசிறியின் சத்தத்தையும் அப்போதே கேட்டுவிடலாம்.

கடலோரம் இருப்பவர்களுக்கு ஒரு சொல். காலி வீதிக்குக் கடல் பக்கம் ஜன்னல் திறந்து வைத்திருக்கும் வீடுகளில் உப்புக் காற்று விசிறிக்குள்ளும் போகும், போர்ட்டுகளிலும் படியும். வருடத்துக்கு ஒருமுறை திறந்து தூசு எடுத்து, தேவைப்பட்டால் தெர்மல் பேஸ்ட் மாற்றுங்கள். பின்மூடியைச் சாதாரண திருகாணி கழற்றித் திறக்க முடிகிற மெஷினை நான் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம். கட்டிலில் மெத்தை மேல் வைத்து ஓட்டாதீர்கள். காற்று இழுக்கும் துளைகள் பெரும்பாலும் அடியில்தான்.

எஸ்எஸ்டி எல்லாம் ஒன்றுதானே?

இல்லை, தரவுத்தளம் ஓடும்போது வித்தியாசம் நன்றாகத் தெரியும். பெட்டியில் போட்டிருக்கும் 7000 எம்பி என்பது ஒரு பெரிய ஃபைலைத் தொடர்ச்சியாகப் படிக்கும் வேகம். போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு கொமிட்டிலும் (மாற்றத்தைச் சேமிக்கும் கட்டளை) 'இது உண்மையிலேயே டிஸ்க்கில் எழுதப்பட்டுவிட்டதா' என்று காத்திருந்து உறுதி செய்யும். அந்தச் சின்னச் சின்ன எழுதுதல்களின் தாமதம் வேறு கணக்கு. போஸ்ட்கிரெஸோடு வரும் 'பிஜி டெஸ்ட் எஃப்சிங்க்' கருவியை ஓட்டினால் உங்கள் டிஸ்க் நொடிக்கு எத்தனை தடவை அப்படி உறுதி சொல்லும் என்று காட்டும்.

கியூஎல்சி (ஒரு செல்லில் நாலு பிட் திணிக்கும்) வகை எஸ்எஸ்டியைத் தவிர்த்து டிஎல்சி (மூன்று பிட்) கேளுங்கள். இன்டெல் 660பி என்ற கியூஎல்சி டிஸ்க்கின் 1 டிபி மொடலுக்கு உத்தரவாதம் 200 டிபி எழுதும் வரை. சாம்சங் 970 இவோ பிளஸ் என்ற டிஎல்சி டிஸ்க்குக்கு அதே அளவில் 600 டிபி. டொக்கர் இமேஜ்களை (கொன்டெய்னர் செய்யும் அச்சுகளை) நாள் முழுக்க இறக்கி, கட்டி, அழிக்கிறவருக்கு இது பெரிய வித்தியாசம். அளவு 1 டிபிக்குக் குறையாமல். எஸ்எஸ்டி செருகும் இரண்டாவது எம்.2 ஸ்லொட் இருந்தால் அதிர்ஷ்டம்: வெர்ச்சுவல் மெஷின்களை அதில் வைக்கலாம்.

மேக்புக் வாங்கலாமா?

அமைதி, குளிர்ச்சி, பெட்டரி மூன்றிலும் அதற்கு நிகரில்லை என்று மனதாரச் சொல்வேன். 2020 இறுதியில் எம்1 வந்ததிலிருந்து அந்தச் சிப்கள் ஆர்ம் வகை, இன்டெல், ஏஎம்டி சிப்களின் எக்ஸ்86 வகை அல்ல. பெரும்பாலான டொக்கர் இமேஜ்கள் இப்போது ஆர்முக்கும் கிடைக்கின்றன. ஆனால் உங்கள் அலுவலகத்தில் மைக்ரோசொஃப்ட் எஸ்கியூஎல் சேர்வர் இருந்தால், அதன் லினக்ஸ் கொன்டெய்னர் எக்ஸ்86க்கு மட்டும்தான் வருகிறது. மேக்கில் ரோசெட்டா வழியாக மொழிபெயர்த்து ஓட்டலாம், ஓடுகிறது, ஆனால் உத்தியோகபூர்வ ஆதரவு இல்லை. எக்ஸ்86 வின்டோஸ் சேர்வரை வெர்ச்சுவல் மெஷினாக நிறுவிப் பயிற்சி செய்ய நினைப்பவருக்கு மேக் சரிவராது. ஆர்ம் வகையான ஸ்னாப்டிராகன் சிப் உள்ள வின்டோஸ் லப்டொப்களுக்கும் இதே எச்சரிக்கை.

வாங்கினால், நீண்ட பில்டுகளுக்கு விசிறி உள்ள புரோவையே பாருங்கள், எயாரில் விசிறி இல்லை. ரேம் முதல் நாள் வாங்கியதுதான் கடைசி நாள் வரைக்கும்.

வின்டோஸ் ஹோம் போதுமா? கிராஃபிக்ஸ் கார்ட் வேண்டுமா?

டொக்கரும் டபிள்யூஎஸ்எல் 2உம் ஹோமிலேயே ஓடும். ஹைப்பர்-வி மனேஜர் (வின்டோஸின் வெர்ச்சுவல் மெஷின் கருவி) வேண்டுமென்றால் புரோ. எதுவானாலும் பயோஸில் (மெஷினின் அடிப்படை அமைப்புத் திரை) வெர்ச்சுவலைசேஷன் இயங்குநிலையில் இருக்கிறதா பாருங்கள். அது அணைந்திருந்தால் 'டொக்கர் ஏறவில்லை' என்று அழவேண்டி வரும்.

சேர்வர் வேலைக்கு கிராஃபிக்ஸ் கார்ட் தேவையில்லை. செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகளை வீட்டிலேயே ஓட்டிப் பார்ப்பவருக்கு மட்டும்: 700 கோடி பராமீட்டர் மாதிரி 4 பிட்டாகச் சுருக்கினால் 4 அல்லது 5 ஜிபி பிடிக்கும், எனவே 8 ஜிபி வீரேம் (கார்டின் சொந்த நினைவகம்) உள்ள என்விடியா கார்ட் கைகொடுக்கும்.

கரண்ட் போனால்?

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை எங்களில் யாரும் மறக்கவில்லை. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை தீவு முழுக்க இருண்டது. பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு ஒன்று மோதியது காரணம் என்று அமைச்சரே சொன்னார். இங்கே லப்டொப்பின் பெட்டரி ஒரு யூபிஎஸ்ஸும் கூட. தரவுத்தளம் எழுதிக்கொண்டிருக்கும்போது மெஷின் பட்டென்று அணையாது என்பதே எனக்கு டெஸ்க்டொப்பை விட லப்டொப் பிடிப்பதற்கு ஒரு காரணம்.

அதனால் கேமிங் லப்டொப் வாங்க நினைப்பவர்களிடம் சார்ஜரைத் தூக்கிப் பார்க்கச் சொல்வேன். 230 வொட், 280 வொட் சார்ஜர் உள்ள மெஷின் சிறிய இன்வேர்ட்டரில் நிற்காது, பவர் பேங்கிலும் பெரும்பாலும் சரியாகச் சார்ஜ் ஆகாது. 65 அல்லது 100 வொட் யூஎஸ்பி-சியில் சார்ஜ் ஆவது எத்தனையோ இடத்தில் காப்பாற்றும். 101 பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவருக்கு அந்தச் சார்ஜரின் பாரமும் ஒரு கணக்குத்தான். எந்நேரமும் பிளக்கில் வைத்திருப்பவர்கள் பெட்டரியை 80 சதவீதத்தோடு நிறுத்தும் அமைப்பைப் போட்டுவிடுங்கள்.

பம்பலப்பிட்டியில் யூஸ்ட் மெஷின் மலிவாகக் கிடைக்கிறதே, நம்பலாமா?

அங்கே கணினிக் கடைகள் நிறைந்த யூனிட்டி பிளாசாவில் ஒரு மாடி ஏறி இறங்கினால் ஒரே மொடலுக்கு மூன்று விலை கேட்பீர்கள், ஆகவே முதல் கடையில் காசு கொடுக்காதீர்கள். வெளிநாட்டு அலுவலகங்களில் இருந்து வந்த திங்க்பேட், லட்டிடியூட், பிரிசிஷன் வகைகளை நான் மனமுவந்து பரிந்துரைக்கிறேன். திறக்கலாம், ரேம் கூட்டலாம், பாகம் கிடைக்கும். இன்டெல் 8ஆம் தலைமுறைக்கு முந்தியதை மட்டும் விடுங்கள். வின்டோஸ் 11க்கு அவை உத்தியோகபூர்வமாகப் பொருந்தாது, வின்டோஸ் 10இன் ஆதரவோ 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டது.

நான் ஒருமுறை ஏமாந்த கதை இது. தம்பிக்கு வாங்கிய மெஷின் ஒரு மாதம் நன்றாக ஓடியது. வின்டோஸைப் புதிதாகப் போட்ட அன்றைக்கு, முன்பிருந்த வெளிநாட்டு நிறுவனத்தின் பயனர் கணக்கைக் கேட்டது. அந்த நிறுவனத்தின் பதிவிலிருந்து மெஷினை நீக்காமலே விற்றிருக்கிறார்கள். கடை காசைத் திருப்பித் தரவில்லை. அதிலிருந்து, காசு கொடுக்குமுன் கடையிலேயே மெஷினை முழுதாக ரீசெட் செய்து, இணையத்தோடு இணைத்து, வரவேற்புத் திரை என்ன கேட்கிறது என்று பார்க்கிறேன். பயோஸுக்குள் போய் பாஸ்வேர்ட் கேட்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் எஸ்எஸ்டியின் ஆயுள், பெட்டரி ரிப்போர்ட்டில் இப்போதைய கொள்ளளவு, வீட்டுக்கு வந்த இரவே ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட். மெம்டெஸ்ட்டில் ஒரே ஒரு பிழை வந்தாலும் மறுநாள் காலையில் திருப்பிக் கொடுங்கள்.

வொரண்டி என்று சொன்னால், ஏஜன்ட் வொரண்டியா கடை வொரண்டியா என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.

இவ்வளவும் எதற்கு, கிளவுடில் ஓட்டலாமே?

ஓட்டலாம். அமேசனின் மும்பை, சிங்கப்பூர் மையங்கள் எங்களுக்குக் கிட்ட. ஆனால் பில் டொலரில் வரும். 2022இல் டொலர் சில மாதத்துக்குள் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியபோது, சொந்தக் காசில் கிளவுட் வைத்திருந்த எத்தனையோ பேர் மெஷின்களை அணைத்தார்கள். படிக்கும் பிள்ளைக்கு, இரவு அணைக்க மறந்த ஒரு மெஷின் ஒரு மாதச் சாப்பாட்டுக் காசு.

நடுவழி ஒன்று இருக்கிறது. 16 ஜிபி லப்டொப் ஒன்றும், வீட்டு மூலையில் 64 ஜிபி போட்ட பழைய டெஸ்க்டொப் ஒன்றும். எஸ்எஸ்எச் என்ற தொலை இணைப்பு வழியாக எங்கிருந்தும் அதற்குள் போகலாம். இரண்டும் சேர்ந்து பல வேளை ஒரு பெரிய லப்டொப்பை விட மலிவு. டெஸ்க்டொப்புக்கும் ரவுட்டருக்கும் ஒரு யூபிஎஸ் மட்டும் தவறாமல்.

'தம்பி, மகள் முதலாம் வருடம் சேர்ந்திருக்கிறாள். கடன் பட்டாவது நல்லது வாங்கிக் கொடுக்கட்டுமா?'

வேண்டாம் அங்கிள். முதல் இரண்டு வருடத்தில் அவள் எழுதப் போவது சின்னப் புரொக்ராம்கள். யூஸ்ட் திங்க்பேட் ஒன்று, 16 ஜிபி, ஒரு ஸ்லொட் காலி, 512 ஜிபி டிஎல்சி எஸ்எஸ்டி. அதில் உபுண்டுவும் போட்டுப் பழகட்டும். லினக்ஸில் டொக்கர் நேரடியாக ஓடுவதால் அதே ரேமில் கூட வேலை செய்யலாம். மூன்றாம் வருடம் எந்தத் துறைக்குப் போகிறாள் என்று தெரிந்த பிறகு மிச்சக் காசைச் செலவழியுங்கள். அப்போது அவளே உங்களுக்குச் சொல்வாள் என்ன வேண்டும் என்று.

பழைய லப்டொப்பை விற்கவா?

திரை உடைந்ததை விற்றால் ஒன்றும் கிடைக்காது. உபுண்டு சேர்வர் போட்டு மூலையில் வையுங்கள். மூடியை மூடினால் தூங்காமல் இருக்க, லொகின்ட் கொன்ஃபிக் ஃபைலில் லிட் ஸ்விட்ச்சை 'இக்னோர்' ஆக்க வேண்டும். வைஃபையை நம்பாமல் கேபிள் போடுங்கள். பெட்டரி உப்பியிருக்கிறதா என்று மாதம் ஒருமுறை டச்பேட்டைத் தடவிப் பாருங்கள். மேலே தள்ளிக்கொண்டு வந்தால் உடனே அணைத்து, பெட்டரியைக் கழற்றிவிட்டு, சார்ஜரில் மட்டும் ஓட்டுங்கள். என் வீட்டில் அப்படி ஒன்று தானாக பில்ட் செய்யும் ஜென்கின்ஸும் நிரலைச் சேமிக்கும் கிட் களஞ்சியமும் சுமந்துகொண்டு புத்தக அலுமாரிக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கிறது.